துப்பாக்கியும் துயரமும்: ஒரு கணக்குப் பாடம்



காலையில் கடை திறந்து, சாம்பிராணிப் புகை காட்டி, பெட்டியடியில் அமர்ந்ததும் நாம் பத்திரிகையைப் பிரிக்கின்றோம். "அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு, பலர் பலி" என்ற தலைப்பு அடிக்கடி நம் கண்ணில் படுகின்றது. உடனே கடை வாசலில் ஒரு தர்க்கம் கிளம்பிவிடும். "அந்த ஊரில் கத்தரிக்காய் விற்பது போலத் துப்பாக்கி விற்கிறார்கள். வேறென்ன நடக்கும்?" என்பார் ஒருவர். "துப்பாக்கி தானாகவா சுடுகிறது? அங்கே மனிதனுக்கு மன நிம்மதி போய்விட்டது, அண்ணே!" என்பார் மற்றொருவர். தேநீர் ஆறுவதற்குள் வாடிக்கைக்காரர் வந்துவிடுவார். தர்க்கம் பாதியில் நின்றுவிடும்.

பாதியில் நின்ற அந்தத் தர்க்கத்தை இந்த இதழில் முடித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகின்றோம். ஆயுதம் காரணமா, மனம் காரணமா? வியாபாரிகளாகிய நமக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. வாய்ப்பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேரேட்டைப் புரட்டுவதே அது. அவ்வாறே செய்வோம்.

1. பேரேடு காட்டும் உண்மை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அந்நாட்டின் கணக்கில் அதுவரை கண்டிராத உச்சம் அது. பின்னர் சற்றே குறைந்து, 2023ஆம் ஆண்டில் 46,728 ஆயிற்று. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 128 பேர் என்று வகுத்துக் கொள்ளலாம்.

மொத்தத் தொகையைக் கண்டு திகைத்து நிற்பவன் வியாபாரி அல்லன். இனம் இனமாகப் பிரித்துப் பார்ப்பவனே வியாபாரி. 2023ஆம் ஆண்டின் 46,728 பேரில், பிறரால் கொலையுண்டவர்கள் 17,927 பேர். தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர்களோ 27,300 பேர்! அதாவது நூற்றுக்கு 58 பேர். விபத்து, போலீஸ் நடவடிக்கை முதலியவற்றால் இறந்தவர்கள் எஞ்சிய சிறு தொகையினர்.

இந்தக் கணக்கைக் கண்டபோது நாமும் வியப்புற்றோம். பத்திரிகையின் முதல் பக்கத்தில் வருபவை பள்ளிக்கூடங்களிலும் அங்காடிகளிலும் கூட்டத்தை நோக்கிச் சுடும் கொடுமைகள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியோர் 6 பேரும் கொல்லப்பட்டதையும், 2022 மே மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்து யுவால்டியில் 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் கொல்லப்பட்டதையும் யாரால் மறக்க முடியும்? எனினும், மொத்தக் கணக்கில் இத்தகைய சம்பவங்களில் மாண்டோர் மிகச் சிறு பங்கினரே. பெரும்பங்கு பத்திரிகைக்கு வருவதில்லை. அது பூட்டிய அறைக்குள், தனியே, சத்தமின்றி நடக்கின்றது. மறுநாள் அந்த வீட்டார் மட்டுமே அழுகின்றனர்.

கூட்டத்தை நோக்கிச் சுட்டவர்களின் வரலாற்றை ஆராய்ந்த ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரு பேராசிரியர்களும் இதையொத்த ஒன்றையே கண்டனர். அவ்வாறு சுட்டவர்களில் பலர், அதற்கு முன்பே தம் உயிரை விடத் துணிந்தவர்கள். வெளியே பாயுமுன் அந்த வெறி உள்ளே வெகுகாலம் புகைந்து கொண்டிருந்தது.

ஆகவே முதல் பாடம் இது: துப்பாக்கிச் சாவின் கணக்கைப் புரட்டினால், அதன் அடியில் மனிதனின் துயரக் கணக்கு இருக்கின்றது.

2. ஆயுதமா, மனமா?

அப்படியாயின் "மனம்தான் காரணம்" என்று சொன்ன நண்பர் ஜெயித்துவிட்டாரா? அவசரப்பட வேண்டாம். வேறு இரு நாடுகளின் கணக்கையும் பார்ப்போம்.

ஜப்பானில் ஒரு சாதாரணக் குடிமகன் துப்பாக்கி வாங்குவது மிகக் கடினம். வகுப்பு, பரீட்சை, வைத்தியச் சான்று, போலீஸ் விசாரணை எனப் பல படிகள் ஏற வேண்டும். கைத்துப்பாக்கி அறவே கிடையாது. ஆகவே பல ஆண்டுகளில் அந்நாடு முழுவதும் துப்பாக்கியால் இறப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஜப்பானியர் துயரமற்றவர்களா? இல்லை. 2022ஆம் ஆண்டில் அங்கே தற்கொலை செய்து கொண்டவர்கள் 21,881 பேர். துப்பாக்கி இல்லாமற் போனதால் துப்பாக்கிச் சாவு ஒழிந்தது. துயரம் ஒழியவில்லை.

மறு பக்கம் பின்லாந்தைப் பாருங்கள். வேட்டைப் பழக்கமுள்ள நாடு அது. 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி நூறு பேருக்கு 32 துப்பாக்கி வீதம் அங்கே இருந்தது. ஐரோப்பாவில் இது மிக அதிகமான வீதங்களுள் ஒன்று. அதே பின்லாந்துதான் 2018 முதல் 2025 வரை, உலக மகிழ்ச்சி அறிக்கையில் தொடர்ந்து முதலிடம் பெற்றது. துப்பாக்கி இருந்தும் அமெரிக்கா போன்ற கொலைக் களமாக அது ஆகவில்லை. ஆயினும் முழுமையாகத் தப்பவும் இல்லை. 2007இல் யோகெலா பள்ளியில் 8 பேரும், 2008இல் கௌஹயோகியில் 10 பேரும் மாணவர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அதன் பின் அந்நாட்டுச் சர்க்கார் கைத்துப்பாக்கி அனுமதிச் சட்டத்தை இறுக்கியது. மகிழ்ச்சியான நாடு என்ற பெயர் தன்னைக் காக்கும் என்று அது சும்மா இருந்துவிடவில்லை.

அமெரிக்காவோ இரண்டிலும் அகப்பட்டுக் கொண்டது. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்நாட்டுக் குடிமக்களிடம் 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள் இருந்தன. நூறு பேருக்கு 120! மக்கள் தொகையை விட ஆயுதத் தொகை அதிகம். அதே வேளையில் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2012இல் 11ஆம் இடத்தில் இருந்த அந்நாடு, 2025இல் 24ஆம் இடத்துக்கு இறங்கியது. 30 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் தனியே கணக்கிட்டபோது 2024ஆம் ஆண்டறிக்கையில் அதற்குக் கிடைத்தது 62ஆம் இடம். செல்வத்தில் முதல் வரிசையில் நிற்கும் தேசத்தின் வாலிபர்கள் நிலைமை இது.

இரண்டாம் பாடம் இவ்வாறு ஆகின்றது: துயரம் நெருப்பு, துப்பாக்கி பெட்ரோல். நெருப்பை மட்டும் குறை கூறுபவரும் பெட்ரோலை மட்டும் குறை கூறுபவரும் பாதி உண்மையையே பேசுகின்றனர். கடை வாசலில் தர்க்கம் செய்த நம் இரு நண்பர்களும் பாதிப் பாதி சரி.

3. துயரத்தின் வேர்கள்

அந்நாட்டில் துயரம் பெருகுவானேன்? அறிஞர்கள் கூறும் காரணங்களுள் நமக்கு விளங்கக் கூடிய நான்கை எடுத்துக் கொள்வோம்.

முதலாவது, பிழைப்புப் போனது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க ஆலைகளில் ஏறக்குறைய 1 கோடியே 95 லட்சம் பேர் வேலை பார்த்தனர். 2010ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அத்தொகை 1 கோடியே 15 லட்சமாகச் சுருங்கிற்று. ஆலை மூடிய ஊரில் கூலி மட்டுமா போகும்? தகப்பனுக்கு வீட்டில் இருந்த மதிப்பும், தெருவில் இருந்த தோழமையும், மகனுக்கு இருந்த எதிர்காலமும் கூடவே போகும். ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2015இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். கல்லூரிப் படிப்பில்லாத நடு வயது வெள்ளையர்களிடையே சாவு வீதம் ஏறிக் கொண்டிருந்தது. மது, போதை மருந்து, தற்கொலை ஆகிய மூன்றும் அதற்குக் காரணம். இவற்றை "நம்பிக்கை இழந்தோர் சாவு" என்ற கருத்துப்படப் பெயரிட்டு அவர்கள் அழைத்தனர்.

இரண்டாவது, தனிமை. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, தனிமையை ஒரு நோயாகவே கருதி நாட்டு மக்களை எச்சரித்தார். வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் தனிமையால் வாடுகின்றனர் என்றும், உறவற்று வாழ்வது நாளொன்றுக்குப் 15 சிகரெட் வரை புகைப்பதற்கு ஒப்பான கேடு என்றும் அவருடைய அறிக்கை கூறிற்று. அடுத்த ஆண்டிலேயே, 2024 ஜூன் மாதத்தில், துப்பாக்கி வன்முறையையும் பொதுச் சுகாதார நெருக்கடி என அவர் அறிவித்தார். இரண்டு அறிக்கைகளும் ஒருவர் கையிலிருந்தே வந்தன.

உணவுக் கடை நடத்தும் நம் சகோதரர்கள் மற்றொரு கணக்கையும் கவனிக்க வேண்டுகின்றோம். 2023ஆம் ஆண்டில், அமெரிக்கரில் நாலில் ஒருவர், முந்திய நாளின் எல்லா வேளை உணவையும் தனியாகவே உண்டதாகக் கூறினர். 2003ஆம் ஆண்டை விட இது நூற்றுக்கு 53 பங்கு அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா?" என்று கேட்க ஆளில்லாத சோறு அது.

மூன்றாவது, அச்சம். துப்பாக்கி வைத்திருப்போரிடம் "எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்று 1999இல் கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் வேட்டைக்கு என்றனர். பாதுகாப்புக்கு என்றவர்கள் நூற்றுக்கு 26 பேரே. 2013இல் அதே கேள்விக்குப் பாதுகாப்பு என்று விடை கூறியவர்கள் நூற்றுக்கு 48 பேர். இந்த இடைக்காலத்தில் கொள்ளையும் கொலையும் பெருகினவா? இல்லை, 1990களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் அவை வெகுவாகக் குறைந்திருந்தன. குற்றம் குறைந்தது, அச்சமோ வளர்ந்தது. அச்சத்தைக் காட்டி விற்ற சரக்கு அது என்பதை வியாபாரிகளாகிய நாம் எளிதில் புரிந்து கொள்வோம். அச்சத்தில் வாங்கிய ஆயுதம் அந்த வீட்டாரைக் காத்ததா? கலிபோர்னியாவில் நடந்த பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு அதிகமாகத் துப்பாக்கியால் தற்கொலை செய்து கொண்டனர் என அது காட்டிற்று.

நான்காவது, ஒதுக்கப்பட்ட பேட்டைகள். கொலைக் கணக்கின் பெரும் பாரம் விழுவது கறுப்பின வாலிபர்கள் மேல். அதுவும் நகரம் முழுவதும் பரவி நடப்பதன்று. சில தெருக்களிலேயே குவிந்து நடக்கின்றது. 1930களில் சர்க்கார் அதிகாரிகள் நகரப் படங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசினர். கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்பது அதன் அர்த்தம். கடன் கிடைக்காத இடத்தில் கடை ஏது? வீடு ஏது? பிலடெல்பியா நகரில் அன்று சிவப்பு பூசிய இடங்களிலேயே இன்றும் துப்பாக்கிச் சூடு அதிகம் என்று ஆராய்ச்சி காட்டுகின்றது. அதே நகரில் குப்பை மண்டிக் கிடந்த காலி மனைகளைத் துப்புரவு செய்து, புல் நட்டு, சிறு வேலி கட்டினர். வறிய பேட்டைகளில் துப்பாக்கிச் சூடு நூற்றுக்கு 29 பங்கு குறைந்ததாக 2018இல் முடிவு வெளிவந்தது. விளக்குமாறும் புல்லும் செய்த வேலை இது!

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். "சுடுபவன் எல்லாம் பைத்தியக்காரன்" என்று சொல்லித் தப்பிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. மனநோயுள்ளவரில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். அந்நாட்டு வன்முறையில் கடும் மனநோயின் பங்கு நூற்றுக்கு நான்கு அளவே என்று மதிப்பிட்டுள்ளனர். அன்றியும் எல்லாச் சூடும் துயரத்தால் நேர்வதன்று. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்து இரு பள்ளிவாசல்களில் தொழ வந்திருந்த 51 பேரைக் கொன்றது துவேஷம். துயரத்தை விளங்கிக் கொள்வது வேறு. கொலைக்கு நியாயம் தேடுவது வேறு. இவ்விரண்டையும் நாம் குழப்பிக் கொள்ளலாகாது.

4. ஒரு மணி நேரத்தின் விலை

துயரம் பல நாட்டிலும் உண்டு. ஆனால் துப்பாக்கி அதை ஏன் இவ்வளவு கொடிதாக்குகின்றது?

விடை நேரத்தில் இருக்கின்றது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளைஞர்களை ஹூஸ்டன் நகரில் விசாரித்தபோது, தீர்மானித்ததற்கும் முயன்றதற்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்று ஏறக்குறைய நாலில் ஒருவர் கூறினர். துயரம் வெகு நாளையது. ஆனால் அந்தப் பாழும் முடிவு ஒரு கணத்தில் எழுகின்றது. அந்தக் கணம் கடந்துவிட்டால் மனிதன் பெரும்பாலும் தப்பிவிடுகின்றான். முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னர் அவ்வழியில் மாள்வதில்லை என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்தவர்கள் கூறுகின்றனர். துப்பாக்கியோ மனிதனுக்கு இரண்டாம் தவணை கொடுப்பதில்லை. அதைக் கையில் எடுத்தவரில் மிகப் பெரும்பாலோர் மீள்வதில்லை. கடன்காரன்கூடத் தவணை கொடுப்பான், துப்பாக்கி கொடுக்காது.

எட்டாத இடத்தில் ஆயுதம் இருந்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. இலங்கையில் துப்பாக்கி அன்று, பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தே பல்லாயிரம் உயிரைக் குடித்தது. 1995ஆம் ஆண்டளவில் அத்தீவின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. அங்குள்ள சர்க்கார் மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் நூற்றுக்கு 70 பங்கு இறங்கிற்று. ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு. விளைச்சலும் குறையவில்லை. தீவின் துயரம் அனைத்தும் தீர்ந்தா இது நடந்தது? உள்நாட்டுப் போரும் வறுமையும் இருந்த காலம் அது. ஆத்திரத்தில் நீட்டிய கைக்கு விஷம் அகப்படவில்லை, அவ்வளவே.

5. ஒரு கடைக்காரர் செய்தது

இப்பொழுது, வியாபாரிகளாகிய நமக்கென்றே அமைந்தது போன்ற ஒரு வரலாற்றைக் கூறுவோம்.

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்றொரு சிறிய மாநிலம். அங்கே ஹூக்செட் என்ற ஊரில் ஒரு துப்பாக்கிக் கடை. 2009ஆம் ஆண்டில், ஒரு வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூவர் அக்கடைக்கு வந்து ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கிச் சென்றனர். மூவரும் வாங்கிய சில மணி நேரத்தில் தம் உயிரை மாய்த்துக் கொண்டனர்.

கடைக்காரர் சட்டப்படியே விற்றார். பணம் முறையாக வந்தது. ரசீது முறையாகப் போயிற்று. சட்டம் அவரை ஒன்றும் கேட்கவில்லை. "என் சரக்கு, என் விலை, வாங்கியவன் என்ன செய்தால் எனக்கென்ன?" என்று அவர் இருந்திருக்கலாம். உலகத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர் அப்படி இருக்கவில்லை. மற்றத் துப்பாக்கி வியாபாரிகளும், தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டவர்களும், சுகாதார ஆராய்ச்சியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தனர். துப்பாக்கியை விரும்புவோரும் வெறுப்போரும் அந்நாட்டில் முகம் கொடுத்துப் பேசுவதே அபூர்வம். அங்கே அவர்கள் ஒன்று கூடி, கடைச் சிப்பந்திகளுக்கு ஒரு குறிப்பு எழுதினர்.

வருபவர் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் அறியாதவராய், அறிய ஆசையும் இல்லாதவராய் இருக்கிறாரா? "ரொம்ப நாளைக்கு வேண்டியதில்லை" என்கிறாரா? தோட்டா மிகக் கொஞ்சம் போதும் என்கிறாரா? வேலை போனது, மனைவி பிரிந்தது என்று பேச்சில் வருகின்றதா? இவற்றைக் கவனியுங்கள், மனம் ஒப்பாவிட்டால் விற்காதீர்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இதுவே அக்குறிப்பின் சாரம். கடைச் சுவரில் உதவித் தொலைபேசி எண்ணுடன் விளம்பரத் தாளும் ஒட்டினர். பின்னர் விசாரித்தபோது, அம்மாநிலத்துத் துப்பாக்கிக் கடைகளில் ஏறக்குறையப் பாதிக் கடைகள் அவற்றைப் பார்வைக்கு வைத்திருந்தன. பல மாநிலங்கள் அம்முறையைப் பின்பற்றின.

எத்தனை உயிர் இதனால் தப்பின என்று பேரேட்டில் எழுத வழியில்லை. நடக்காமற் போன சாவுக்கு ரசீது கிடையாது. ஆயினும், சரக்கைப் பார்த்த கண்ணால் வாங்க வந்த மனிதனின் முகத்தையும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கண்டு கொண்டார்களே, அதுதான் பெரிது.

6. சட்டம் செய்ய வேண்டியது

கடைக்காரரின் கருணை மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28இல் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் ஒரே துப்பாக்கிக்காரனால் 35 பேர் மாண்டனர். இரண்டு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களும் புதிய சட்டத்துக்கு இணங்கின. ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதன் பிறகு துப்பாக்கியால் நேர்ந்த கொலையும் தற்கொலையும் குறைந்தன. நியூசிலாந்துப் பார்லிமெண்ட் கிரைஸ்ட்சர்ச் கொடுமைக்குப் பின் ஒரு மாதத்துக்குள், 119க்கு 1 என்ற வாக்கில் சட்டம் நிறைவேற்றிற்று.

அமெரிக்காவில் ஆயுதம் வைக்கும் உரிமை 1791ஆம் ஆண்டு முதல் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அது தனி மனிதனின் உரிமையே என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே பாதை கடினம். எனினும் 2022 ஜூன் மாதத்தில் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு சட்டம் இயற்றினர். 21 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் விசாரணையும், மனநலச் சேவைக்குப் பண உதவியும் அதில் அடங்கும்.

நம் நாடுகளுக்கு வருவோம். கோலாலம்பூரில் 1976இல் பிடிபட்டு 1981இல் தூக்கிலிடப்பட்ட போத்தாக் சின் என்ற கொள்ளைக்காரனின் பெயரை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரிலும் அக்காலத்தில் துப்பாக்கி ஏந்திய கொள்ளையர் இருந்தனர். மலேசியா 1971இலும் சிங்கப்பூர் 1973இலும் மிகக் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களை இயற்றின. மலேசியாவில் 2023ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் மரண தண்டனை கட்டாயம் என்ற நிலை மாறி, நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. தண்டனையின் கடுமையைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் இரவு பத்து மணிக்குக் கல்லாப் பணத்தை எண்ணிக் கொண்டு நாம் அச்சமின்றிக் கடை பூட்டுகின்றோமே, ஆயுதம் அரிதாக இருப்பது அதற்கு ஒரு பெருங் காரணம் என்பதை மறுக்க முடியாது.

7. நம் ஐந்தொகை

அப்படியாயின் இந்தப் பாடம் நமக்கு எதற்கு? துப்பாக்கி இங்கே இல்லையே என்று கேட்கலாம்.

துப்பாக்கி இல்லை, துயரம் இருக்கின்றது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டில் 476 பேர் தற்கொலை செய்து கொண்டனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத தொகை அது. நம் கடைகளையே சற்று எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் காலை முதல் இரவு வரை மேசை துடைக்கிறான், தட்டுக் கழுவுகிறான். இரவில் மாடி அறையில் கைபேசியில் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டி ஏறிக் கொண்டிருக்கிறது. தங்கையின் கல்யாணம் நின்றிருக்கிறது. அவன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது நமக்குத் தெரியுமா? ஒரு தட்டு உடைந்தால் தெரிகின்றது. ஒரு மனம் உடைந்தால் தெரிவதில்லை.

முதலாளிமார் நிலைமையும் அதுவே. வியாபாரம் படுத்துவிட்டது, வாடகை பாக்கி, ஆலோங்கிடம் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கின்றது. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று வாய் பூட்டிக் கொள்கிறார். நேற்று வரை சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர், நாலு மாதமாக ஏன் வரவில்லை என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும், சந்தா பாக்கியைத்தான் கேட்கிறோம். இதை எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கின்றது.

நாம் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சிப்பந்திகளோடு நாளுக்கு ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். முகம் வாடியவனைத் தனியே அழைத்து, "என்ன தம்பி, ஊரிலே ஏதும் கஷ்டமா?" என்று கேட்கலாம். சந்தேகம் தோன்றினால், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பு வருகிறதா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. பாரம் இறங்கத்தான் செய்யும். அத்தகைய வேளையில் அவனைத் தனியே விடாமல், தீங்கு செய்யக் கூடிய பொருள்களை அப்புறப்படுத்தி, வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதும் இல்லை. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பழைய சட்டம் சிங்கப்பூரில் 2020 முதலும், மலேசியாவில் 2023இலும் நீக்கப்பட்டுவிட்டது. சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணிலும், கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தின் 03-7627 2929 என்ற எண்ணிலும் துயரப்படுவோர் பேசலாம். இவ்விரண்டு எண்களையும் நம் கடைகளில் சிப்பந்திகள் அறைச் சுவரில் ஒட்டி வைக்குமாறு வேண்டுகின்றோம். ஹூக்செட் கடைக்காரர் செய்ததை நாம் செய்யக் கூடாதா?

சகோதரர்களே! வருட முடிவில் ஐந்தொகை போடுகின்றோம். சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் யாவும் அதில் ஏறுகின்றன. நம்மைச் சுற்றி இருக்கும் மனிதர்கள் மட்டும் ஏறுவதில்லை. அமெரிக்காவின் கணக்கு நமக்குக் கற்பிப்பது அதுதான். ஒரு தேசம் செல்வத்தை எல்லாம் வரவு வைத்துக் கொண்டு, மனிதனைக் கணக்கில் சேர்க்க மறந்தது. அவன் கைக்கெட்டும் இடத்தில் ஆயுதத்தையும் வைத்தது. நாம் மறவாதிருப்போமாக.

மாலை வகுப்பில் கலந்து பேசச் சில கேள்விகள்:

(அ) துப்பாக்கியால் மாண்டோர் கணக்கில் எந்தப் பங்கு பெரியது? அது பத்திரிகையில் ஏன் தெரிவதில்லை?

(ஆ) ஜப்பான், பின்லாந்து ஆகிய இரு நாடுகளின் கணக்குகளும் ஆயுதத்தையும் துயரத்தையும் பற்றி நமக்குக் கூறுவன யாவை?

(இ) சட்டப்படி விற்றுவிட்டால் வியாபாரியின் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

(ஈ) சென்ற ஒரு மாதத்தில், நம் கடைச் சிப்பந்திகளில் யாரிடமாவது வேலை அல்லாத ஒரு விஷயத்தைப் பற்றி நாம் விசாரித்தோமா? இக்கேள்விக்கு விடையை வகுப்பில் கூற வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் பெட்டியடியில் அமர்ந்து தமக்குத் தாமே கூறிக் கொண்டால் போதும்.